பூவின்றி விளையும் தேன்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் காப்பியச் சுவையோ குறளின் பெருமையோ பேசுவது நம் சங்கத்தின் மரபு. அம்மரபினின்று சிறிது விலகி இன்று தேனைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். இதற்குக் காரணம் சென்ற ஆண்டு தை மாதத்தில் நம் காலனியில் எழுந்த ஒரு வழக்கேயாகும். அவ்வழக்கைத் தாய்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மிதிவண்டியில் தேன் கொண்டுவந்து விற்கும் பெரியவர் ஒருவர் நம் தெருக்களுக்கு நெடுநாளாக வந்துகொண்டிருந்தார். அந்தத் தையில் அவரிடம் வாங்கிய தேன் பத்தே நாளில் வெண்ணெய் போல் உறைந்துவிட்டது. “இது சர்க்கரைப் பாகு; நம்மை ஏமாற்றிவிட்டார்” என்று வீட்டுக்கு வீடு பேச்சு எழுந்தது. அவர் மறுமுறை வந்தபோது பாட்டில்கள் திருப்பித் தரப்பட்டன. பணமும் திரும்பப் பெறப்பட்டது. அவரைக் கடிந்து பேசியவர்களுள் நாமும் ஒருவர். “கடுகுப் பூத் தேன் பாபு, குளிரில் உறையத்தான் செய்யும்” என்று அவர் இந்தியில் சொன்ன விளக்கத்தை நாம் செவிமடுக்கவில்லை. இவ்வாண்டுக் குளிர்காலம் முழுதும் அவர் நம் பக்கம் வரவேயில்லை.

அதன் பின்னரே தேனைப் பற்றிப் படிக்கலானோம். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. கடுகுப் பூவின் தேனில் குளுக்கோஸ் என்னும் சர்க்கரை மிகுதி. ஆதலால் அது விரைவில் உறையும். உறைவது கலப்படத்துக்குச் சான்று ஆகாது. படிக்கப் படிக்க மற்றொன்றும் விளங்கிற்று. தேன் இன்னவாறுதான் இருக்கும் என்று நாம் கொண்டிருந்த எண்ணம் மிகக் குறுகியது. பூவே இல்லாமலும் தேன் விளைகிறது. உலகின் சில பகுதிகளில் அதுவே உயர்ந்த தேனாக மதிக்கப்படுகிறது. அந்தத் தேனின் வரலாற்றையும், அதனைத் தரும் மண்ணின் தேனீயைப் பற்றியும் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

பூவில்லாத தேனா என்று வியக்க வேண்டா. ஊரில் மாந்தோப்பு வைத்திருந்தவர்கள் இதன் தொடக்கத்தைக் கண்ணாலேயே கண்டிருப்பார்கள். மாமரம் பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சி விழுந்தால் இலைகள் பிசுபிசுக்கும். எறும்புகள் வரிசை வரிசையாய் ஏறும். சில நாளில் இலைமேல் கரிபூசினாற்போல் பூசணம் படரும். அவரைக் கொடியில் அசுவினி விழுந்தாலும் இதே காட்சிதான். இப்பூச்சிகள் ஊசி போன்ற வாயால் மரத்தின் சாற்றை உறிஞ்சுகின்றன. அச்சாற்றில் சர்க்கரை மிகுதி. உடலை வளர்க்கும் சத்தோ மிகக் குறைவு. வேண்டிய சத்தைப் பெறுவதற்காகப் பூச்சி அளவின்றிச் சாற்றைக் குடிக்கிறது. மிஞ்சிய சர்க்கரை நீரைத் துளித்துளியாய் வெளியே தள்ளிவிடுகிறது. அத்துளிகள் இலையிலும் கிளையிலும் பனித்துளி போல் மின்னுகின்றன. இதனை நாம் ‘தேன்பனி’ என்று அழைப்போம். தேனீக்கள் இத்தேன்பனியைப் பூந்தேன் போலவே நக்கி எடுத்துக் கூட்டுக்குக் கொண்டுசென்று, தம் உடற்சுரப்புடன் கலந்து, நீரை வற்றச் செய்து, அடையில் மூடி வைக்கின்றன. இவ்வாறு விளைவதே தேன்பனித் தேன்.

பண்டைக் கிரேக்கரும் உரோமரும் இதன் மூலத்தை அறியாதிருந்தனர். தேன் வானிலிருந்து பொழிகிறது, அதனைத் தேனீ திரட்டுகிறது என்று அரிஸ்டாட்டில் கருதினார். உரோமானியரான பிளினியோ அது வானத்தின் வியர்வையோ, விண்மீன்களின் உமிழ்நீரோ என்று ஐயுற்றார். விடியற்காலையில் இலைகள் இனிப்பாய் நனைந்திருக்கக் கண்டவர்கள் வேறென்ன எண்ணுவார்கள்? சிறு பூச்சி அவர்கள் கண்ணில் படவில்லை.

இவ்வளவு சொன்னவுடனே நம் பாட்டிமார் முகம் சுளிப்பது தெரிகிறது. “பூச்சியின் எச்சத்தையா தேன் என்பது? மடிக்கு ஆகுமா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பூவின் தேனும் தேனீயின் வயிற்றுப் பையில் ஏறி இறங்கியே நம்மிடம் வருகிறது. பட்டு புழுவின் வாயிலிருந்து வருகிறது. நாம் குடியிருக்கும் இந்தச் சோட்டா நாகபுரி மேட்டு நிலத்தின் பெருஞ்செல்வம் எது? பலாச மரத்திலும் குசும்ப மரத்திலும் இலந்தையிலும் விளையும் அரக்கு. அதனைத் தருவதும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியே. அரக்குப் பூச்சியும் தேன்பனி சொரிகிறது. அதனை நாடி எறும்புகள் மொய்ப்பதை இங்குள்ள கிராமத்தார் நன்கறிவர். அரக்கு மாளிகைக் கதை கேட்டு வளர்ந்த நாம், அரக்கு விளையும் மண்ணிலே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தும், அது பூச்சியின் கொடை என்பதை எத்தனை பேர் அறிந்தோம்?

தேன்பனித் தேனைத் தலைசிறந்ததாகப் போற்றும் நாடுகள் பல. கிரேக்க நாட்டிலும் துருக்கியிலும் பைன் மரத்துத் தேன், ஜெர்மனியின் கருங்காட்டில் ஃபிர் மரத்துத் தேன், நியூஸிலாந்தில் பீச் மரத்துத் தேன் என அவை விரியும். எனினும் ஒரு நாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு சற்று விரிவாகப் பார்ப்போம். அது ஸ்லோவேனியா என்னும் சிறு நாடு. இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் குரோஷியாவுக்கும் இடையே, ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ளது. 1991-ஆம் ஆண்டு வரை யூகோஸ்லாவியாவின் ஒரு பகுதியாக இருந்தது. மக்கள் தொகை ஏறத்தாழ 21 லட்சம். அந்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட நிலம் காடு. தேனீ வளர்ப்போர் 10,000-க்கு மேற்பட்டவர். ஏறத்தாழ இருநூறு பேருக்கு ஒருவர் தேனீ வளர்க்கிறார் என்று கணக்காகிறது.

அவர்கள் வளர்க்கும் தேனீ அம்மண்ணுக்கே உரியது. கிராய்ன் என்னும் பழைய நாட்டுப் பகுதியின் பெயரால் அதனைக் கார்னியோலத் தேனீ என்பர். உடலில் சாம்பல் நிற மயிர்வரிகள் உண்டு. ஆதலின் அம்மக்கள் அதனைச் ‘சிவ்கா’, அதாவது சாம்பல் நிறத்தவள், என்று வீட்டுப் பெண்ணை அழைப்பது போல் அழைக்கிறார்கள். 1879-ஆம் ஆண்டில் போல்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதனைத் தனி இனவகையாக வகுத்துக் கார்னிகா என்று பெயரிட்டார்.

இத்தேனீயின் புகழை உலகறியச் செய்தவர் அன்டோன் யான்ஷா. 1734-ஆம் ஆண்டில் ஓர் எளிய குடியானவர் வீட்டில் பிறந்தார். ஓவியம் கற்க வியன்னாவுக்குச் சென்றவர், தேனீயின் மேல் கொண்ட காதலால் தூரிகையை ஒதுக்கினார். பேரரசி மரியா தெரேசா அவரை அரசின் தேனீ வளர்ப்பு ஆசிரியராக அமர்த்தினார். தேனீக் குடும்பம் பிரிந்து செல்வதைப் பற்றி 1771-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1773-இல், நாற்பது வயது நிறையுமுன்னே, காலமானார். அவர் பிறந்த நாளாகக் கொள்ளப்படும் மே 20-ஐ உலகத் தேனீ நாளாக ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் அறிவித்தது. அத்தீர்மானத்தை முன்மொழிந்து நடத்தியது இச்சிறு நாடே. 2022-இல் அந்நாட்டின் தேனீ வளர்ப்பு முறையை யுனெஸ்கோ தன் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது.

அந்நாட்டுத் தேனீ வீடும் காணத்தக்கது. மரத்தால் அமைத்த ஒரு குடில். அதன் முன்சுவரில் பெட்டிகள் அலமாரித் தட்டுக்கள் போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். தேனீக்கள் முன்புறம் பறந்து போய் வரும். வளர்ப்பவர் குடிலுக்குள் நின்று பின்புறம் திறந்து பார்ப்பார். முற்காலத்தில் ஒவ்வொரு பெட்டியின் முகப்புப் பலகையிலும் படம் எழுதுவர். இன்று கிடைத்துள்ள பலகைகளுள் மிகப் பழையது 1758-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தெய்வ உருவங்கள், விவிலியக் கதைகள், வேடனின் சவ ஊர்வலத்தை விலங்குகள் நடத்திச் செல்லும் கேலிச் சித்திரம் எனப் பல நூறு வகைப் படங்கள் உண்டு. நம் வீட்டு வாசலில் கோலம் இடுவது போல அவர்கள் தேனீயின் வாசலை அழகு செய்தார்கள்.

இனிக் காட்டுக்குள் செல்வோம். அங்கே தேன்பனி தரும் மரங்களுள் முதன்மையானவை ஃபிர், ஸ்ப்ரூஸ் என்னும் இருவகை ஊசியிலை மரங்கள். ஃபிர் மரத்தில் பச்சை நிற அசுவினிகளும், ஸ்ப்ரூஸ் மரத்தில் மொட்டுப் போலவே உருண்டு ஒட்டிக்கொண்டிருக்கும் செதிற்பூச்சிகளும் வாழ்கின்றன. ஸ்ப்ரூஸின் தேன் செம்பழுப்பு நிறம் உடையது. ஃபிர் மரத்தின் தேனோ கருமை கலந்த பழுப்பில் பசுமை ஓடும் நிறம், இனிப்பு மிதமானது, காட்டு மரப் பிசினின் மெல்லிய மணம் வீசும், நெடுநாள் உறையாது. தெற்கேயுள்ள கொச்செவ்யே வட்டாரத்துக் காட்டுத் தேனுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பிறப்பிடப் பாதுகாப்பும் கிடைத்துள்ளது.

ஆனால் இத்தேன் ஆண்டுதோறும் கிடைப்பதன்று. பூவென்றால் பருவத்தில் பூக்கும். பூச்சியோ அத்தகைய உறுதி தருவதில்லை. முந்திய ஆண்டு இட்ட முட்டைகள் குளிர்காலத்தைத் தாங்க வேண்டும். வசந்தத்தில் பூச்சி பெருக வேண்டும். பூச்சிகளைத் தின்னும் பொறிவண்டுகள் அளவுக்கு மீறிப் பெருகாதிருக்க வேண்டும். காட்டெறும்புகள் பசுவைக் காக்கும் இடையர் போல் பூச்சிகளைக் காத்து, தேன்பனியைக் கறந்து உண்டு, அவற்றைத் தழைக்கச் செய்ய வேண்டும். இவையெல்லாம் கூடிவந்த பின்னும் ஒரு பெருமழை பெய்தால் துளிகள் அத்தனையும் கழுவிச் செல்லப்படும்; கடும் வெயிலும் வறட்சியும் வந்தால் துளி இறுகித் தேனீயின் நாவுக்கு எட்டாததாகும். ஆதலால் இளங்காலையிலும் மாலையிலும், ஈரம் உள்ள வேளையில், தேனீக்கள் விரைந்து உழைக்கும். ஃபிர் மரம் சில ஆண்டுகள் ஒரு துளியும் தராமல் இருந்துவிட்டு, ஓர் ஆண்டில் திடீரென வாரி வழங்கும்.

இதனை எதிர்நோக்கி அந்நாட்டுத் தேனீ வளர்ப்போர் கழகத்தினர் காட்டைக் கண்காணிக்கும் பணி ஒன்றை நடத்துகின்றனர். பட்டறிவுடைய நோக்கர்கள் மரத்துக்கு மரம் சென்று பூச்சிகளைக் கவனிக்கின்றனர். தேனீப் பெட்டியைத் தராசின்மேல் வைத்து, நாளுக்கு நாள் எடை ஏறுகிறதா இறங்குகிறதா என்று குறித்து, மற்றவர்க்கு அறிவிக்கின்றனர். ‘இன்ன வட்டாரத்தில் காடு சுரக்கத் தொடங்கிவிட்டது’ என்ற செய்தி கிடைத்ததும் இரவோடு இரவாகப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக் காட்டுக்குச் செல்கின்றனர்.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நமக்கு அமுதான இத்தேன் தேனீக்கு இடையூறும் ஆகும். தேன்பனியில் மகரந்தம் இல்லை. குஞ்சுகளை வளர்க்கத் தேனீக்கு மகரந்தம் இன்றியமையாதது. ஆதலால் காட்டிலேயே நெடுநாள் உழைக்கும் குடும்பத்தில் முதியவை மடிய, இளையவை குறைந்துவிடும். மயிர் உதிர்ந்து உடல் கறுத்து, பறக்கமாட்டாமல் நடுங்கி வீழும் ஒருவகை வாத நோயும் அக்காலத்தில் பரவும். அதற்குக் காரணம் ஒரு நுண்கிருமி. இத்தேனில் உப்புச் சத்துக்கள் மிகுதி. குளிர்காலத்தில் பல வாரங்கள் கூட்டை விட்டு வெளியேற முடியாத தேனீ இதனை மட்டுமே உண்டிருந்தால், வயிற்றுப்போக்குக் கண்டு குடும்பத்தோடு அழியும். சில பூச்சிகளின் தேன்பனியில் மெலிசிட்டோஸ் என்னும் சர்க்கரை மிகுந்திருக்கும். அத்தகைய தேன் அடைக்குள்ளேயே கல்லாய் இறுகிவிடும். அதனை மனிதரும் பிழிந்தெடுக்க முடியாது, தேனீயும் எளிதில் உண்ண முடியாது. அதனைச் ‘சிமெண்டுத் தேன்’ என்றே அங்குள்ளோர் அழைக்கின்றனர்.

ஆகவே நல்ல தேனீ வளர்ப்பாளர் காடு சுரந்து முடிந்ததும் தேனை எடுத்துவிட்டு, குடும்பங்களைப் பூக்கள் உள்ள வெளிக்குக் கொண்டுசென்று, குளிர்காலத்துக்கு வேண்டிய சர்க்கரைக் கரைசலைத் தாமே ஊட்டுகிறார். எடுக்கத் தெரிந்தவர்க்குத் திருப்பிக் கொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். கொடுக்க மறந்தவருடைய பெட்டி வசந்தத்தில் வெறும் பெட்டியாய் இருக்கும்.

இத்தகைய நிலத்துக்கு ஏற்றவாறு அமைந்ததே அந்தச் சாம்பல் நிறத் தேனீ. நீண்ட குளிர்காலத்தில் சிறு கூட்டமாகச் சுருங்கி, சேமித்த உணவைச் சிக்கனமாக உண்ணும். வசந்தம் தலைகாட்டியதும் மிக விரைவாகப் பெருகும். வரவு குறைந்தால் குஞ்சு வளர்ப்பையும் குறைத்துக்கொள்ளும். காடு ஓராண்டு தந்து ஓராண்டு மறுக்கும் நாட்டில், வரவறிந்து செலவு செய்யும் இந்தக் குணமே உயிர் காக்கும் குணம். மேலும் சாந்தமானது, எளிதில் கொட்டாது. குடும்பம் பிரிந்து பறந்து செல்லும் இயல்பு மிகுதி என்பது ஒன்றே வளர்ப்பவர் சொல்லும் குறை. இன்று ஸ்லோவேனியாவில் இத்தேனீயைச் சட்டம் காக்கிறது. வேறு இனத் தேனீயை அங்கே கொண்டுவந்து வளர்க்க இடமில்லை.

காவல் இருந்தும் கவலை நீங்கிவிடவில்லை. 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வீசிய பனிக்கட்டிப் புயலில் அந்நாட்டுக் காடுகளில் பெருந்தொகையான மரங்கள் முறிந்தன. அதனைத் தொடர்ந்து பட்டை வண்டுகள் பெருகி ஸ்ப்ரூஸ் மரங்களை அழித்தன. மரம் இல்லையேல் பூச்சி இல்லை. பூச்சி இல்லையேல் தேன்பனி இல்லை. காடு, பூச்சி, எறும்பு, தேனீ, காடறிந்த மனிதர் என்னும் ஐந்து கண்ணிகளால் ஆன சங்கிலி இது. ஒன்று அறுந்தாலும் பெட்டி நிறையாது.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். பூவின்றி வரும் இனிப்பு நமக்கும் அந்நியமானதன்று. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் விளையும் தேனில் பெரும்பகுதி இரப்பர்த் தோட்டங்களிலிருந்து வருவது. அதுவும் பூவிலிருந்து வருவதன்று. இரப்பர் மரம் பழைய இலை உதிர்த்துப் புதுத்தளிர் விடும் பருவத்தில், மூன்று சிற்றிலைகள் கூடும் காம்பின் முனையிலுள்ள சுரப்பிகள் தேன் சுரக்கின்றன. அதனைத் தேனீக்கள் திரட்டுகின்றன. இங்கே இடையில் பூச்சி இல்லை, இலையே நேராகச் சுரக்கிறது. ஆதலின் இதனைத் தேன்பனி என்று சொல்லலாகாது. ஆயினும் பூவை நம்பாத தேன் என்ற வகையில் இரண்டும் உறவுடையவை.

குமரி நாட்டுத் தேனுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூட்டன் பாதிரியார் நம் சிறிய இந்தியத் தேனீக்கு ஏற்ற சிறு பெட்டியை வகுத்தார்; அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ.யின் கிராம மறுமலர்ச்சி நிலையத்தை நடத்தினார். அங்கே குடியானவர்களுக்குத் தேனீ வளர்ப்புக் கற்பிக்கப்பட்டது. வீட்டுக் கொல்லையில் பெட்டி வைத்து வளர்த்தவர்களால் மார்த்தாண்டத் தேன் என்னும் பெயர் நாடெங்கும் பரவிற்று. அவர்கள் வளர்த்தது அயல்நாட்டுத் தேனீ அன்று. மரப்பொந்திலும் சுவரிடுக்கிலும் அடுக்கடுக்காய் அடை கட்டும் நம் மண்ணின் தேனீயே.

அத்தேனீக்கு 1991-92-இல் பெருங்கேடு வந்தது. தாய்லாந்துப் பைக்குஞ்சு நோய் என்னும் நச்சுயிரி நோய் தென்னாட்டில் பரவியது. புழுக்கள் நீர் நிறைந்த பை போலாகி அடைக்குள்ளேயே மடிந்தன. பெட்டிகளில் பெரும்பகுதி காலியாயிற்று. தேனை நம்பியிருந்த குடும்பங்கள் கலங்கின. நோயைத் தாங்கி எஞ்சிய குடும்பங்களிலிருந்தே பின்னர் நம் தேனீ மெல்ல மீண்டு பெருகிற்று.

மேலை நாட்டுத் தேனீயின் துன்பம் இதற்கு எதிர்த்திசையிலிருந்து வந்தது. வரோவா என்னும் சிற்றுண்ணி பழங்காலந்தொட்டு நம் கீழைத் தேனீயின்மேல் வாழ்ந்து வருவது. நம் தேனீ அதனைத் தன் உடலிலிருந்து தட்டிக் கடித்து எறியக் கற்றிருக்கிறது; உண்ணியும் நம் தேனீயின் கூட்டில் ஆண் ஈக்களின் அறையில்தான் பெருகும். 20-ஆம் நூற்றாண்டில் மேலைத் தேனீயைக் கீழை நாடுகளுக்குக் கொண்டுவந்தபோது, அவ்வுண்ணி அதன்மேல் தாவி, உலகின் பல பகுதிகளுக்கும் பரவிற்று. இத்தகைய பகையைக் கண்டறியாத கார்னியோலத் தேனீ பெருந்துன்பம் உற்றது. இன்று அங்கே வளர்ப்பவர் மருந்திட்டுக் காக்காத குடும்பம் பிழைப்பது அரிது.

அவ்வாறாயின் மண்ணின் தேனீ நல்லது, வந்த தேனீ தீயது என்று முடிவு கட்டலாமா? கூடாது. 1962-இல் இமாசலத்து நக்ரோட்டாவில் பேராசிரியர் அத்வால் முதலியோர் இத்தாலியத் தேனீயை வெற்றியுடன் நிலைபெறச் செய்தனர். இன்று வட இந்தியாவின் கடுகு வயல்களிலும் லிச்சித் தோப்புகளிலும் தேன் திரட்டுவது பெரும்பாலும் அதன் வழிவந்ததே. நாம் திருப்பித் தந்த அந்தத் தேனும் அதன் உழைப்பாகவே இருக்கக்கூடும். பிழைப்புக்காகப் பிறந்த ஊரை விட்டு இவ்வுருக்காலை நகருக்கு வந்து தலைமுறை கண்ட நாம், வந்தவர் எல்லாம் அயலார் என்று எந்த வாயால் சொல்வது?

எனினும் ஒன்று சொல்லலாம். வந்த தேனீயை வளர்ப்பவர் அதற்கு இந்த நிலத்தின் பூவையும் பருவத்தையும் பார்த்துப் பெட்டியை இடம் மாற்றி வாழ்விக்கிறார். நிலத்தை அறிந்த ஒருவர் துணை இல்லையேல் அது வாழாது. மண்ணின் தேனீயோ அந்த அறிவைத் தன் உடம்பிலேயே சுமந்து நிற்கிறது. அதனை ஒருமுறை இழந்தால் எந்தப் பணத்தாலும் மீட்க இயலாது. ஆதலால் வந்ததை வாழவிடுவதோடு, இருந்ததைக் காப்பதும் கடமையாகிறது. ஸ்லோவேனியர் சட்டமியற்றிக் காத்தனர். குமரி நாட்டார் எஞ்சிய பெட்டிகளைப் பேணிக் காத்தனர்.

நம் முன்னோர் இதனை வேறொரு முறையில் அறிந்திருந்தனர். நிலத்தை ஐந்து திணையாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் என்று கருப்பொருள் கூறினர். தேனைக் குறிஞ்சிக்கு உரிமையாக்கினர். பொருள் ஒவ்வொன்றும் தன் நிலத்தோடு சேர்த்து அறியத்தக்கது என்பதே அவ்விலக்கணத்தின் உட்பொருள். ஒரு திணையின் அளவுகோலால் மற்றொரு திணையின் பொருளை அளந்தால் பிழை நேரும்.

அப்பிழையைத்தான் நாம் செய்தோம். ஊரில் உண்ட மலைத்தேன் உறையாமல் இருந்தது. ஆகவே உறைவது தேனன்று என்று தீர்ப்பளித்தோம். இதே அளவுகோலைக் கொண்டு பார்த்தால், கறுத்துப் பசுமை ஓடும் ஃபிர் தேனை வெல்லப் பாகு என்று எறிந்திருப்போம். உலக உணவுத் தர நெறிகளோ இவ்வேறுபாட்டை ஏற்கின்றன. பூந்தேனில் 100 கிராமுக்கு இருவகை எளிய சர்க்கரைகளும் சேர்ந்து 60 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தேன்பனித் தேனுக்கு 45 கிராம் போதும். தேன்பனித் தேனில் உப்புச் சத்து மிகுதியாதலால் மின்சாரத்தை மிகுதியாகக் கடத்தும். அதனை அளந்தே இரண்டையும் பிரித்தறிகின்றனர். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது, தாளில் சொட்டுவிட்டுப் பார்ப்பது முதலாய நம் வீட்டுச் சோதனைகள் எதனையும் மெய்ப்பிப்பதில்லை. கலப்படம் நாட்டில் உண்டு, அதனை மறுக்கவில்லை. ஆய்வுக்கூடம் காணவேண்டிய அக்குற்றத்தை அடுப்பங்கரையில் முடிவுசெய்து, உழைப்பவர் ஒருவர்மேல் சுமத்துதல் நீதியாகாது.

தாய்மார்களுக்கு எம் வேண்டுகோள் மூன்று. உறைந்த தேன் கிடைத்தால் பாட்டிலை இளஞ்சூடான நீரில் வைத்து இளக்கிக்கொள்ளுங்கள். கொதிக்க வைக்க வேண்டா. வாங்கும்போது இது எந்தப் பூவின் தேன், எந்த மாதத்தில் எடுத்தது என்று கேளுங்கள், அறிந்தவர் சொல்வார். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்தத் தேனையும் நாவில் தடவ வேண்டா. அது மருத்துவர் கூறும் எச்சரிக்கை.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது கொல்லைச் சுவரின் இடுக்கில் அடுக்குத் தேனீ கூடு கட்டியிருந்தால் புகை போட்டு விரட்டாதீர்கள். இங்கேயும் பலாச மரத்தடியில் நின்று, கிளையில் அரக்குப் பூச்சியையும் எறும்பையும் பாருங்கள். நாம் குடிவந்த நிலத்தின் கருப்பொருளை அறிவதும் தமிழ் மரபின் வழி நிற்பதேயாகும்.

இறுதியாக ஒரு செய்தி. அந்தத் தேன்காரப் பெரியவர் ரயிலடிக்கு அப்பாலுள்ள சிற்றூரில் இருப்பதாக அறிந்தோம். வரும் ஞாயிறன்று அவரைக் காணச் செல்ல எண்ணியுள்ளோம். அன்று பாட்டிலைத் திருப்பித் தந்த வீட்டார் யாரேனும் உடன் வர விரும்பினால் காலை எட்டு மணிக்குச் சங்க வாயிலில் கூடுவோம். அவர் நம்மை மன்னித்து மீண்டும் வருவாராயின், வரும் தை மாதத்தில் உறைந்த தேனை மகிழ்ந்து வாங்குவோம்.